நெய்னாவின் வலது தோள்

ஆளை முழுசாக ஏற்றி முழுசாக இறக்குவது இடத்துக்குக் கேடு என்று கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றிய வருஷத்திலிருந்து எங்கள் அலையாத்திப்பட்டினத்துச் சபுராளிகள் பார்சலில் வர ஆரம்பித்தார்கள். சபுராளி என்றால் அரபு நாட்டுக்குப் பிழைக்கப் போனவர். எங்கள் ஊரில் கடலுக்குப் போகாதவர் சபுருக்குப் போவார், சபுருக்கும் போகாதவர் கடை வைத்து இந்த இரண்டு பேருக்கும் சாமான் விற்பார், இதைத் தாண்டி இன்னொரு வகை ஆளை எங்கள் ஊரில் தேடிப்பிடிக்க முடியாது.

முதல் பார்சல் பல்கீஸ் லாத்தா வீட்டுக்கு வந்தது என்றுதான் ரொம்ப காலம் நாங்கள் நினைத்திருந்தோம். அக்காவை லாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். நீல வண்டிக்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெரிய டிவி வருமே அந்த மாதிரித் தட்டையான அட்டைப்பெட்டி ஒன்றைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். பிரித்துப் பார்த்தால், பிள்ளைகளுக்கு ரோபோவும் டைனோசரும் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் அல்லவா, ஜன்னல் சட்டம் போல நாலு பக்கமும் பிளாஸ்டிக் கம்பி ஓடி அதில் கையும் காலும் காய்த்த மாதிரி தொங்கும் அல்லவா, அதே மாதிரி, அதே சாம்பல் நிறத்தில், லாத்தாவின் மாப்பிள்ளை, அதாவது புருஷன், அபுல்ஹசன் இருந்தார்: நெஞ்சு ஒரு சட்டத்தில், முதுகு இன்னொரு சட்டத்தில், காது இரண்டும் ஒரு மூலையில், ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் நகம் அகலத்துக்கு ஒரு நம்பர் வில்லை. லாத்தா தலையில் கையை வைத்து அழ ஆரம்பித்தார். அழுதபடியே முகத்தின் முன்பாதி இருந்த சட்டத்தைத் தூக்கிப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சாக்லேட் டப்பாவைத் துணிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு ஒன்றும் வாங்கிவரவில்லை என்று சொல்லும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

“பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டு சிரிப்பைப் பாரு,” என்று சொல்லிவிட்டு லாத்தா அரிவாள்மனையை எடுக்கப் போனார்.

அரிவாள்மனை தப்பு என்பது பிற்பாடுதான் ஊருக்குத் தெரிந்தது. அபுல்ஹசனின் இடது காதில் ஒரு வெட்டு இன்றைக்கும் இருக்கிறது. சின்னக் குறடால் துண்டை ஒட்டி நறுக்காமல் கொஞ்சம் தள்ளி நறுக்கவேண்டும், மிச்சத்தை உப்புத்தாள் வைத்து மெல்லத் தேய்க்கவேண்டும், ஒரு துண்டின் முளையை இன்னொன்றின் குழியில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தவேண்டும், டக் என்று சத்தம் கேட்கவேண்டும். கடைசித் துண்டு பொருந்தியதும் ஆள் ஒரு தும்மல் தும்முவார். மருதாணி பிடிக்கிற மாதிரி உள்ளங்கையிலிருந்து நிறம் ஏறும். கண்ணைத் திறந்து, “டீ இருக்கா?” என்று கேட்பார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஊருக்கு என்ன கஷ்டம்? ஹார்டுவேர் கடை தங்கவேலு அண்ணன் ஆணிப் பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டுச் சின்னக் குறடும் உப்புத்தாளும் வாசலில் தொங்கவிட்டார். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போது தண்ணீர் மூட்டு இடுக்கு வழியே உள்ளே போகிறதே, என்ன செய்வது என்று பள்ளிவாசலில் கேட்டார்கள். தொழவைக்கும் அசரத்து தாடியைத் தடவி யோசித்து, “மேல படவேண்டிய இடத்துல பட்டாப் போதும். உள்ள போனதைத் துண்டால ஒத்தி எடுத்துடுங்க. இல்லாட்டி குனியிறப்பப் பக்கத்து ஆளு மேல ஊத்தும்,” என்றார். பெருநாளைக்குக் கட்டித் தழுவும்போது முட்டையைத் தூக்குவது போலத் தழுவினோம். ஒரு தடவை இரண்டு பார்சலில் துண்டு மாறிப்போய், கிழக்குத் தெருக்காரர் கை மேலத் தெருக்காரருக்கு வந்துவிட்டது. அந்த லீவு முழுக்க மேலத் தெருக்காரர் கடைப்பக்கம் போனால் கை தானாக நீண்டு கிழக்குத் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கியது. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, பிள்ளைகள்தானே, தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு கண்டிஷன்தான். பசை போடக்கூடாது. லீவு முடிந்ததும் ஆளை மறுபடி கழற்றி, துண்டுகளை நம்பர் பார்த்துச் சட்டத்தில் பொருத்தி, நீல வண்டியில் ஏற்றவேண்டும். பசை போட்ட ஆளைக் கழற்ற முடியாது. சட்டம் இல்லாத ஆளை ஏற்ற முடியாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஏஜெண்டு கமாலுதீன் இருந்தார். லீவு முடியும்போது வீடு வீடாக வந்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கழன்று வந்தால், “மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு,” என்று பெட்டியில் வைப்பார். சித்திரை வெயிலிலும் கோட்டு, மணிக்கட்டு வரை பொத்தான். கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் அள்ளிச் சாப்பிடுவதை நாங்கள் சஹன் என்போம். அந்தச் சஹனில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, சுகர் என்பார். பெருநாளில் தழுவ வந்தால் தள்ளி நின்று சலாம் வைப்பார். பெரிய ஆளாகிவிட்டார், திமிர் என்று ஊர் சொன்னது.

பசை இல்லாத மூட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, வருஷத்துக்கு வருஷம் மாப்பிள்ளைமார்கள் லொடலொடவென்று வந்தார்கள். கழுத்தில் விரல் நுழையும் இடைவெளி, இடுப்பில் வெளிச்சம் தெரியும் விரிசல். ஆடி மாசத்தில் கடற்கரையில் நின்றால் காற்று இடுக்குகளில் புகுந்து ஆளுக்கொரு சுதியில் விசில் அடித்தது. தூரத்தில் வருவது யார் வீட்டு ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னோம்.

அப்படி லொடலொடத்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவள் ஜெய்த்தூன். அவளுக்கு அந்தக் கைப்பழக்கம் எப்படி வந்தது என்றால், அவள் மாப்பிள்ளை நெய்னா ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பொம்மைப் பெட்டி கொண்டுவருவார். முதல் தடவை அக்கா மகனுக்கென்று கொண்டுவந்தது. அந்தப் பயல் பிரித்துப் பார்த்து, இது உடைஞ்ச பொம்மை என்று வீசிவிட்டுப் போனான். நெய்னாவும் ஜெய்த்தூனும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்து அதை ஒட்ட ஆரம்பித்தார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அதற்கப்புறம் பொம்மை பெருகியது. வாள் பிடித்த ரோபோ, விண்வெளிக்காரன், குதிரைமேல் ஒரு இரும்புச்சட்டைக்காரன், எல்லாம் அலமாரியில் வரிசையாக ஒற்றைக் காலில் நின்றாலும் விழாமல் நிற்கும். இரண்டு பாதி சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் ஜெய்த்தூன் கடைச்சாமான் எதையும் வைத்து அடைக்கமாட்டாள். அந்தப் பொம்மை வந்த சட்டத்தையே பொடிப்பொடியாக நறுக்கி, நெயில் பாலிஷ் ரிமூவர் ஊற்றிய சின்னப் பாட்டிலில் போட்டு ஊறவைப்பாள். அது தேன் மாதிரி இளகி வரும். குச்சியால் தொட்டு இடுக்கில் வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டால் எங்கே சேர்ந்தது என்று விரல் தடவினாலும் தெரியாது. தளர்ந்த முட்டிக்கு, குழிக்குள் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. ஆனால் பூசிவிட்டுக் காய்கிற வரைக்கும் மூட்டை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் நிறுத்தின இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

நெயில் பாலிஷ் பூச்சு இழுத்தால் கழன்று வந்துவிடும் என்பதால் ஏஜெண்டு அதை மட்டும் கண்டுகொள்ளவில்லை. ஊர்ப் பெண்கள் மாப்பிள்ளைகளை ஜெய்த்தூன் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பல்கீஸ் லாத்தாவுக்குப் பொறுமை கிடையாது. “இதுக்கெல்லாமா வரிசையில நிப்பாஹ?” என்று தானே அபுல்ஹசன் கழுத்தில் பூசிவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். டிவியில் சீரியல் வந்தது. மருமகள் மாமியாரை என்ன சொல்கிறாள் என்று பார்க்க லாத்தா கையை எடுத்தார். கழுத்து இடது பக்கம் திரும்பினது திரும்பினதுதான். அந்த லீவு முழுக்க அபுல்ஹசன் உடம்பு தெருவில் நேரே போனது, முகம் இடது பக்கத்து வீடுகளை எல்லாம் விசாரித்துக்கொண்டே போனது.

நான் சொல்ல வந்தது அந்த லீவைப் பற்றித்தான்.

அந்தத் தடவை நெய்னாவை ஜெய்த்தூன் பூட்டும்போதே வலது தோள் டக் என்று சொல்லவில்லை. லொக் என்றது. அவர் அங்கே வானத்தை முட்டும் கட்டடத்து உச்சியில் கிரேன் ஓட்டுகிறவர், வலது கையால் லிவரைத் தள்ளித் தள்ளி இழுப்பவர். தோளில் சின்ன விரல் போகும் அளவுக்கு இடைவெளி. அவள் அதில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து கிரேன் திரும்பும்போது அடிக்கும் பீப் சத்தம் கேட்டது, ஒரு அறையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட கட்டில்களில் நிறையப் பேர் புரண்டு படுக்கும் கிரீச் சத்தம் கேட்டது, ஏசி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. கையைக் கழற்றி முளையை வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் நிற முளையின் அடியில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு.

“மச்சான், முளையில வெள்ளை விழுந்திருக்கு.”

“நரை விழுற வயசுதானே புள்ள.”

“சிரிக்காதிய. ரோபோ முட்டியில வெள்ளை விழுந்துச்சே, மறுவாட்டி கழட்டுனப்ப என்னாச்சு?”

வளைந்து வளைந்து வெளுத்த பிளாஸ்டிக் அடுத்த இழுப்பில் முறியும். முளை குழிக்குள்ளேயே தங்கிவிடும். பொம்மைக்கு ஆனது ஆளுக்கும் ஆகியிருந்தது. மேலத் தெருவில் ஒருவர் முளை முறிந்த கையோடு பார்சலில் போனார். அடுத்த லீவுக்கு வந்த பெட்டியில் அந்தக் கை இல்லை, காலியிடம்தான் இருந்தது. இப்போது பெருநாளைக்கு அவர் ஒரு கையால்தான் தழுவுகிறார்.

“இந்தவாட்டி ஏஜெண்டு இழுத்துக் கழட்டுனா போயிடும் மச்சான். கம்பி வச்சு அடைச்சாத்தான் நிக்கும்.”

“அடைச்சா நான் போக முடியாதே.”

“அதைத்தானே சொல்றேன்.”

“அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்,” என்றார் நெய்னா. எங்கள் ஊரில் ஆண்கள் அதிகம் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. ஜெய்த்தூன் கையைத் தோளில் மெல்லத் திரும்ப மாட்டினாள். அவள் செய்யக்கூடிய வேலைதான், ஆனால் தூங்குகிற ஆளுக்குப் பசை வைக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. சட்டம் அவருடையது. அவர்தான் குறடை எடுக்கவேண்டும்.

அந்த வாரம் ஒரு கல்யாணம். நெய்னா, அபுல்ஹசன், இன்னும் இரண்டு பேர் ஒரே சஹனில் உட்கார்ந்தார்கள். நெய்னா கத்தரிக்காயை எட்டி எடுக்கக் குனிந்தார், வலது கை தோளோடு கழன்று சஹன் நடுவில் பிரியாணிமேல் விழுந்தது. மற்ற மூன்று பேரும் மரியாதை தெரிந்தவர்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. கையைச் சுற்றி வளைத்து அள்ளிச் சாப்பிட்டார்கள். அபுல்ஹசன் மட்டும், கழுத்து திரும்பாததால் பார்க்காமலே கையால் துழாவி, “நெய்னா, விரல்ல ஒட்டியிருக்கிற முந்திரி உனக்கு வேணுமா, நான் எடுத்துக்கவா?” என்று கேட்டார். சஹனே குலுங்கிச் சிரித்தது. நெய்னாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடது கையால் அந்தத் தோளைப் பிடித்தபடியே வந்தார்.

மறுநாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு நெய்னாவும் ஜெய்த்தூனும் பாயில் உட்கார்ந்தார்கள். அந்த லீவுக்குக் கொண்டுவந்த பொம்மை ஒரு யானை. பாலைவன நாட்டிலிருந்து யானை வாங்கிவந்த ஒரே ஆள் நெய்னாதான். பெரிய வயிறு, இரண்டு பாதி, முதுகிலிருந்து வால் வரை நீளமான சேர்மானம். ஜெய்த்தூன் பசையைத் தடவி, “இறுக்கிப் பிடிங்க, காயிற வரைக்கும் விடாதிய,” என்று யானையை அவர் வலது கையில் கொடுத்தாள். அவர் பிடித்தார். பேசிக்கொண்டே முதுகு சாய்ந்தார். கை கழன்று பாயில் கிடந்தது.

ஆனால் யானையை விடவில்லை.

நெய்னா இந்தப் பக்கம் இருந்தார், கை அந்தப் பக்கம் இருந்தது. ஐந்து விரலும் யானையை வளைத்து, கட்டைவிரல் சேர்மானத்தின்மேல் நகர்ந்து நகர்ந்து எங்கே விலகுகிறதோ அங்கே அழுத்திக்கொண்டிருந்தது. ஜெய்த்தூன் ஒரு விரலை எடுத்துப் பார்த்தாள். வரவில்லை.

“நீங்கதான் பிடிக்கிறியளா?”

“நான் ஒண்ணும் சொல்லலை புள்ள அதுக்கு.”

“விடச் சொல்லுங்க.”

நெய்னா தன் கையைப் பார்த்து, “விடு,” என்றார். அது விடவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கியது.

ஜெய்த்தூன் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நடுவில் மூக்கை உறிஞ்சினாள். நெய்னா ரொம்ப நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போயிருந்த ஒருவன் திரும்பிவந்து தன் வீட்டு ஜன்னல் வழியாகத் தன் வீட்டையே பார்ப்பது போலப் பார்த்தார்.

“என்னைக் கேக்காமலே அது இங்க இருந்துக்கிறதுன்னு முடிவு பண்ணிருச்சு போல,” என்றார். கொஞ்சம் கழித்து, “அந்தக் குறடை எடு.”

“எதுக்கு?”

“எடு புள்ள. இடது கையால நறுக்குனா கோணலாத்தான் வரும். பரவாயில்லையா?”

சுவரில் சாய்த்திருந்த தன் சட்டத்தை மடியில் கிடத்தி, மூலையில் குறடை வைத்து, நெய்னா அழுத்தினார். கிளிக் என்றது.

அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கமானதுதான். பார்சல் வரும் மாசத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும். ஆனால் போகிற வாரத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பல்கீஸ் லாத்தா கத்தியோடு எழுந்து வந்தார், பின்னாலேயே இடது பக்கம் பார்த்தபடி அபுல்ஹசனும் வந்தார்.

“என்னடி சத்தம்? போற ஆளுக்கு எதுக்குக் குறடு?” என்று உள்ளே நுழைந்தவர் நறுக்கிக் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். “அடிப்பாவி, சட்டத்தை நறுக்கிட்டா நெய்னா எதுல போவாஹ?”

“போகலை லாத்தா.”

லாத்தா மீன் வாடையோடு பாயில் தொப்பென்று உட்கார்ந்தார். “சோத்துக்கு?”

“தங்கவேலு அண்ணன் கடையில ஏணி ஏறிச் சாமான் எடுக்க ஆளில்லையாம்,” என்றார் நெய்னா. “நான் ஏறாத உசரமா லாத்தா?”

ஜெய்த்தூன் அந்தத் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்த பாட்டிலை லாத்தா வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். “இத்தனை வருஷத்து இடைவெளி கிடக்கு உன் மாப்பிள்ளை உடம்புல. இது காதை அடைக்கத்தான் காணும்.”

அது நிஜம். ஒரு ஆளின் சட்டம் ஒரு ஆளுக்குப் போதவில்லை. ஜெய்த்தூன் கழுத்தையும் இடுப்பையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். லாத்தா எழுந்து போனார். போனவர் முந்தானையில் எதையோ கட்டிக்கொண்டு வந்து பாயில் உதறினார். அபுல்ஹசன் சட்டத்தின் நம்பர் வில்லைகள், அத்தனையும், கத்தியால் சீவி எடுத்தது, ஒன்றிரண்டில் மீன் செதிலும் ஒட்டியிருந்தது.

“லாத்தா! நம்பர் இல்லாம காக்காவை எப்படிப் பொட்டியில அடுக்குவிய?”

“எது கை எது காலுன்னு நம்பரைப் பாத்தா எனக்குத் தெரியணும்?” என்றார் லாத்தா. “என்னங்க, ஒண்ணும் சொல்லலியே நீங்க?”

“நான் என்னத்தைச் சொல்றது,” என்றார் அபுல்ஹசன் சுவரைப் பார்த்தபடி. “குழப்பம்னா ரெண்டு நாள் கூட இருக்கலாம்ல.”

ஜெய்த்தூன் தயங்கினாள். “வேற ஆள் பிளாஸ்டிக் சேருமா லாத்தா? விரிசல் விடாதா?”

“ஒரே சஹன்ல தின்ன ஆளுங்கதானடி எல்லாரும். சேரும் போ.”

அந்தியில் மஃரிபு பாங்கு சொல்வதற்குள் தெருவிலுள்ள எல்லா வீட்டிலிருந்தும் வில்லைகள் வந்துவிட்டன. கிண்ணத்தில் வந்தது, தொப்பியில் வந்தது, பால் வாங்கும் சொம்பில் வந்தது. மேலத் தெரு ஒற்றைக் கைக்காரர் வீட்டிலிருந்து, அந்த இல்லாத கையின் வில்லை கூட வந்தது. தங்கவேலு அண்ணன் ரிமூவர் பாட்டில்களை அள்ளிக்கொண்டு வந்து, “தங்கச்சி, கடைக்கு ஆளு வேணும்னு நான் சொன்னது நிஜந்தான், ஆனா ரெண்டு கையோட வரணும்,” என்றார். எல்லாம் ஊறியது, எல்லாம் இளகியது, எந்தத் துண்டு யாருடையது என்று தெரியாமல் ஒரே பசையாகத் திரண்டது.

மறுநாள் காலையில் ஜெய்த்தூன் வேலையை ஆரம்பித்தாள். நெய்னாவின் மடக்குக்குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி, அடுப்பில் காய்ச்சி, வெள்ளைக் கோடு விழுந்த முளையின் நடுவில் மெல்ல இறக்கினாள். அதைத் தோள் குழிக்குள் செருகினாள். அப்போதுதான் விரல்கள் யானையை விட்டன. கழுத்து, இடுப்பு, முதுகுச் சேர்மானம், கணுக்கால் என்று ஒவ்வொரு இடுக்கிலும் குச்சியால் பசை வைத்தாள். தோளை அடைக்கும்போது உள்ளேயிருந்து பீப் சத்தம் வந்தது, அப்புறம் கட்டில் கிரீச்சென்றது, ஏசி ஒரு பெருமூச்சு விட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் கழிமுகத்தில் போகும் விசைப்படகின் சத்தம் கேட்டது. அது வெளியிலிருந்து வந்தது. காய்கிற வரைக்கும் தோளையும் மற்ற மூட்டுகளையும் ஆட்டவேண்டுமே, தெரு முறை வைத்து ஆட்டியது. ஆட்டினவர்கள் ஆட்டிக்கொண்டே வடை தின்றார்கள். லாத்தாவின் முறை வந்தபோது ஜெய்த்தூன் போய் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

அந்தப் பசையால் வந்த ஒரு சங்கதி இன்றைக்கும் இருக்கிறது. நெய்னாவின் முழங்கால் வலித்தால், பிற்பாடு மறுபடி சபுருக்குப் போனவர்களில் யாரோ ஒருவர் கடல் தாண்டி ஏணியிலிருந்து சறுக்கியிருப்பார். காரணமில்லாமல் தும்மினால், “லாத்தா, காக்காவுக்கு ஜலதோஷம்,” என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் போடுவார். பல்கீஸ் லாத்தா உடனே போனைப் போட்டு, குளிர்ந்த தண்ணி குடித்ததற்குத் திட்டுவார். அங்கே இருப்பவருக்கு, இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று புரியாது.

கமாலுதீன் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, தன் காருக்குப் பின்னால் நீல வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நீல வண்டி தெருமுனையில் நின்றது. முதல் வீடு பல்கீஸ் லாத்தா வீடு. சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

“நம்பர் எங்க?”

“எலி தின்னுருச்சு,” என்றார் லாத்தா.

எதிர்வரிசை வீட்டிலும் எலி தின்றிருந்தது. அதற்கடுத்த வீட்டிலும். நாலைந்து வீடு பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நேரே ஜெய்த்தூன் வாசலுக்கு வந்தார். நெய்னா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டம் இருந்த சுவரில் யானைப் பெட்டியின் அட்டைதான் சாய்ந்திருந்தது.

“பசை போட்டியளா?”

“போட்டாச்சு காக்கா,” என்றாள் ஜெய்த்தூன்.

“பசை போட்டதெல்லாம் நிக்காது தங்கச்சி. ஒரு இழுப்புல வந்துடும். வந்துட்டா நான் பொட்டியில வச்சுத்தான் ஆவணும், சட்டம் இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி. அப்புறம் எந்தத் துண்டு வரும் எது வராதுன்னு என்னைக் கேக்கக்கூடாது.”

“இழுத்துப் பாருங்க.”

தெரு கூடிவிட்டது. நெய்னா கையை நீட்டினார். கமாலுதீன் அதைக் கைகுலுக்குகிற மாதிரி பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நெய்னா நாற்காலியோடு நகர்ந்தார், தோள் நகரவில்லை. கமாலுதீன் முகம் சிவந்தது. வாசல்படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டார். முழு பலத்தோடு இழுத்தார். ஜெய்த்தூன் கண்ணை மூடவில்லை. நாங்கள் எல்லாரும் மூடிக்கொண்டோம்.

பொளக் என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தபோது நெய்னாவின் தோள் இருந்த இடத்தில் இருந்தது. அவர் கையைப் பிடித்தபடி, கோட்டுக் கையும் மணிக்கட்டுப் பொத்தானுமாக, கமாலுதீனின் கை தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கமாலுதீன் படிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்திருந்தார். கோட்டின் தோள் வழியாகக் காற்று உள்ளே போய், அவரிடமிருந்து மெல்லிய ஒரு விசில் வந்தது. அந்தச் சுதியை எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

“முதப் பார்சல் நான்தான்,” என்றார் அவர், மண்ணைப் பார்த்தபடி. “லாத்தா வீட்டுக்கு வர்றதுக்கு முந்தியே. பிரிக்க வீட்டுல ஆளில்லை. பெத்த உம்மாவும் மவுத்தாகி அடக்கம் ஆகியிருந்துச்சு. வலது கை மட்டும் எப்படியோ சட்டத்துலேர்ந்து கழண்டு வந்துச்சு, அதுதான் மத்ததை எடுத்து மாட்டுச்சு. முதுகு எட்டலை. அப்படியே விட்டுட்டேன்.”

பல்கீஸ் லாத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அப்ப இத்தனை வருஷமா சஹன்ல உக்காராதது இதுக்குத்தானா? நாங்க திமிருன்னுல்ல நெனச்சோம்.”

“திமிரும் கொஞ்சம் இருந்துச்சு லாத்தா.”

அப்போது சிரித்தோம். அவரும் சிரித்தார், சிரித்தபோது விசில் துண்டு துண்டாக வந்தது. நெய்னா எழுந்துபோய், அந்தக் கையைப் பிடித்திருந்த பிடி விடாமலே, கமாலுதீனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். தூக்கியது வலது தோள்தான். அது முனகக்கூட இல்லை. அதை ஜெய்த்தூன் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் குறடையும் பாட்டிலையும் எடுத்தாள்.

“கோட்டைக் கழட்டுங்க காக்கா. எந்தப் பக்கமெல்லாம் ஆடுது?”

“எந்தப் பக்கம் ஆடலைன்னு கேளு.”

“சட்டம் இருக்கா?”

கமாலுதீன் கொஞ்சம் வெட்கப்பட்டார். “கார் டிக்கியில கிடக்கு. தூக்கிப்போட மனசு வரலை.”

அபுல்ஹசன் அதை எடுத்துவரப் போனார், இடது பக்கத்து வீடுகளை விசாரித்துக்கொண்டே. பாட்டிலில் மிச்சமிருந்த பசையை ஜெய்த்தூன் கமாலுதீனின் தோளில் வைத்து, கையைக் குழியில் அழுத்தினாள். டக் என்றது. “ஆட்டுங்க லாத்தா,” என்றாள். பல்கீஸ் லாத்தா கமாலுதீனின் மணிக்கட்டைப் பிடித்து மேலேயும் கீழேயும், மேலேயும் கீழேயும், காய்கிற வரைக்கும் நிறுத்தாமல் ஆட்டினார். தெருமுனையில் நீல வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான். ஏஜெண்டு கை உயர்த்தித் தன்னைப் பார்த்து ஆட்டுவது தெரிந்தது. போகச் சொல்கிறார் என்று நினைத்து, அவனும் ஒரு தடவை கையை ஆட்டிவிட்டு, காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.